பதினொரு மில்லிமீற்றர்

வெருகலில் ஆறு வடிந்த சேற்றில்
ஜீப் புதைந்தது.
டிராக்டர்க்காரர் முன்னால் கயிறு கட்டி இழுத்தார்.
பம்பர் வந்தது.
ஜீப் வரவில்லை.

பின்னால் நாற்பது போத்தல்களில் கிணற்றுத் தண்ணீர்,
எல்லாவற்றிலும் ஊர்ப்பெயர் எழுதியிருந்தேன்.
மம்பெட்டியால் இரண்டு மணிநேரம் வெட்டி வெளியே வந்தபின்
கழன்ற பம்பரைப் பக்கத்துச் சீற்றில் இருத்தி
பெல்ற்றும் போட்டுவிட்டுத்
திருகோணமலைவரை ஓட்டினேன்.

சனிக்கிழமை, மட்டிக்களி.
ஃபிரிட்ஜ் வந்த பெட்டியை
மீன் வெட்டும் கத்தியால் பிளந்து
ஜீப்பின் முகத்தில் பிடித்துப் பார்த்தேன்.
சக்கரத்தை முழுவதும் ஒடித்தால்
மட்டை உரசுகிறது: அரை அங்குலம் வெட்டு.
ஆற்றங்கரையில் ஏறும்போது
மூலை மண்ணைக் கிண்டும்: இன்னும் வெட்டு.
ரேடியேற்றர் மூச்சுவிட நான்கு விரல் விடு.
ரேப் ஒட்டி, பேனையால் ஆணித்துளை வரைந்தேன்.
சைக்கிளில் போன ஒருவர் காலூன்றி நின்று
"மழை வந்தா ஊறிப்போகும், மிஸ்" என்றார்.

கராஜில் இக்றாம் மட்டையைப் பார்த்துச் சிரிக்கவில்லை.
குண்டுநூல் கட்டினார்,
மண்டியிட்டு அளந்தார், திரும்ப அளந்தார்.
"இடப்பக்கச் செஸி பதினொரு மில்லிமீற்றர் உள்ளுக்குப் போயிருக்கு.
எங்கேயோ நல்லா வாங்கியிருக்குது."
கீறல்கூட விழாத வண்டி என்று
சத்தியம் செய்து விற்றவரின் நம்பரைத்
தேடிப் பார்த்தேன். அதுவும் பாவனையில் இல்லை.

"கண்ணுக்கு நேராய் வேணுமா,
செஸிக்கு நேராய் வேணுமா?"
கண்ணுக்கென்றால்
இடப்பக்கம் ஒரு தகட்டை உள்ளே சொருகவேண்டும்.
பார்க்கிறவனுக்குத் தெரியாது.
இழுக்கிற நாளில் அந்தப் பக்கம்தான் முதலில் விடும்.

நைத்திரேற்று கூடிய கிணற்றைக்
கூடியது என்றே எழுதிக்கொடுப்பவள் நான்.
அந்த வீட்டார் முகம்பார்த்து ஒருநாளும்
ஒரு புள்ளி குறைத்ததில்லை.
ஆனாலும் தேத்தண்ணி ஆறும்வரை
பதில் சொல்லாமல்தான் இருந்தேன்.

"செஸிக்கு" என்றேன்.

ஆறு மில்லித் தகடு,
சீனக்குடாப் பழைய இரும்புக் கடையில் எடுத்தது.
கொழுக்கி இரண்டும் தகட்டில் அல்ல,
தகட்டைத் துளைத்துச் செஸியைப் பிடித்தன.
அடியில் தண்ணீர் வடிய மூன்று துளை,
உப்புக்காற்று உள்ளே குடியிருக்காமல்.
மேலே குழாய் வளைத்து வைக்கச் சொன்னேன்.
"ஏன், மாடு முட்டவோ?" என்றார். வைக்கவில்லை.

வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்கக்கூடாதென்று
சுவரைப் பார்த்து நின்றேன்.
சுவரில் என் நிழல்
நீலமாய்த் துள்ளித் துள்ளி அறுந்தது.

மூன்றாம் பூச்சு காயுமுன்
கடற்காற்று ஒரு பிடி மணலை அப்பிவிட்டுப் போனது.
உரசவேண்டாம் என்றேன்.
மீன்வாடித் தராசைக் கடன் வாங்கி நிறுத்தோம்:
ஐம்பத்தெட்டுக் கிலோ.
"ஒரு ஆளின்ர பாரம்" என்றார் இக்றாம்.
என் பாரம் அதுதான். நான் வாய் திறக்கவில்லை.

நேரே நின்று பார்த்தால்
ஜீப் எதையோ ஒட்டுக்கேட்பதுபோல்
முகத்தைக் கொஞ்சம் சரித்திருக்கிறது.
மூக்கும் இரண்டு விரல் பதிந்துவிட்டது.
புது ஸ்பிரிங் கொழும்பிலிருந்து வரவேண்டும்.
அதுவரை லைற் தூரத்தைக் காட்டாது,
முன்னால் கிடக்கும் குழியைத்தான் காட்டும்.

நேற்றிரவு ஈச்சிலம்பற்றிலிருந்து திரும்பும்போது
அந்தத் தாழ்ந்த வெளிச்சத்தில்
வீதியின் நடுவே நான்கு கால்கள்.
கால்கள் மட்டும்.
நகங்களில் காய்ந்த சேறு.
மற்றதெல்லாம் மேலே இருட்டில் இருந்தது.

எஞ்சினை நிறுத்தினேன்.
போத்தல்கள் ஒருமுறை கிலுங்கி அடங்கின.
ஐம்பத்தெட்டுக் கிலோ இரும்பும் நானும்
அசையாமல் இருந்தோம்,
ஒரு கால் எழும்பி
பிறகு மற்றது எழும்பும்வரை.